விடியற்காலை நாலரைக்குத் திறக்கவேண்டிய கதவு

கொழும்பிலிருந்து வருகிற இரவு பஸ்கள் யாழ்ப்பாணத்தில் ஆட்களை இறக்கிவிடுகிற நேரம் விடியற்காலை நாலரை, ஐந்து. வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறவனுக்கு அதைவிடக் கொடுமையான நேரம் கிடையாது. "அண்ணை, படலையடியில நிக்கிறம்" என்று போன் வரும். கொக்குவிலில் நல்ல நித்திரையில் கிடக்கிற நான் எழும்பி, சேட்டை மாட்டி, மோட்டார் சைக்கிளை உதைத்து நல்லூருக்குப் போய்ச் சேரப் பத்துப் பதினைந்து நிமிடமாகும். அதற்குள் ஒழுங்கையிலுள்ள நாய்களெல்லாம் கூடிவிடும். சூட்கேசின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற சின்னப்பிள்ளை, கொட்டாவி விடுகிற தாய், மணிக்கூட்டைப் பார்க்கிற தகப்பன். வாங்கோ வாங்கோ என்று நான் எவ்வளவு சிரித்தாலும், அவர்கள் மனதில் முதல் பத்து நிமிடம் பதிந்துவிட்டது.

வீடு என்னுடையதல்ல. கனடாவில், ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில் இருக்கிற அக்காவினுடையது. பழைய வீட்டின் மேலே அத்தான் கட்டிய மாடி. இரண்டு அறை, ஒரு குசினி, கோயில் கோபுரம் தெரிகிற ஒரு பல்கனி. அந்த பல்கனிக்காகத்தான் ஆட்கள் வருகிறார்கள். கனடா, லண்டன், சுவிஸ் என்று எங்கள் சனம்தான் அதிகம். இடையிடையே பலாலி விமானநிலையத்தில் வந்து இறங்குகிற சென்னைக்காரர், முதுகில் பையுடன் வெள்ளைக்காரர். கீழ் வீட்டில் ஆளில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் மாமி இருக்கிறார். சொந்த மாமி அல்ல. முப்பது வருடமாகப் பக்கத்து வீட்டில் இருந்தால் மாமி ஆகிவிடுவார்தானே.

ஆரம்பத்தில் திறப்பு மாமியிடம்தான் இருந்தது. வருகிறவர்கள் மாமியின் படலையைத் தட்ட வேண்டும். பகலில் பிரச்சினை இல்லை. இரவில் மாமி காது கேட்கிற மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பார். பிறகு சுவிஸ்காரக் குடும்பம் ஒன்று திறப்பைக் கைப்பையில் போட்டபடியே சூரிச்சுக்குப் போய்விட்டது. இருந்த இன்னொன்றைக் கொண்டுபோய் பஸ் நிலையத்தடியில் திறப்பு வெட்டுகிறவரிடம் கொடுத்தேன். தேநீர் குடித்து முடிப்பதற்குள் அச்சு அசலாக இன்னொன்று வெட்டித் தந்துவிட்டார். அந்த இடத்தில்தான் எனக்குச் சுரீரென்றது. எனக்குப் பத்து நிமிடத்தில் வெட்டித் தந்தவர் யாருக்கும் பத்து நிமிடத்தில் வெட்டித் தருவார். இதுவரை அந்த வீட்டில் தங்கிப் போனவர்களில் எத்தனை பேரிடம் ஒரு பிரதி இருக்கிறது? தொலைந்த திறப்பைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். திருப்பித் தந்த திறப்பைப் பற்றி யோசித்ததே இல்லை.

சரி, திறப்பே இல்லாத பூட்டாகப் போடுவோம் என்று முடிவெடுத்தேன். மாமிக்குச் சொன்னபோது, "திறப்பில்லாமல் பூட்டு எதுக்குத் தம்பி? கொழுக்கியைப் போட்டுவிட்டால் போதாதோ?" என்றார்.

முதலில் மலிவான வழியைப் பார்த்தேன். திறப்பை உள்ளே வைத்து, நாலு எண் சக்கரத்தைச் சுழற்றித் திறக்கிற சிறிய இரும்புப் பெட்டி. சுவரில் ஸ்குறூ போட்டு இறுக்கலாம், பற்றரி வேண்டாம். ஆனால் அது திறப்பை இடம் மாற்றி வைக்கிறதே தவிர ஒழிக்கவில்லை. பிரதி வெட்டுகிற கவலை அப்படியே இருக்கிறது. போதாததற்கு, அந்தப் பெட்டியை வாசலில் பார்க்கிற எவனுக்கும் 'திறப்பு இதற்குள்தான்' என்று நாமே போர்ட் எழுதித் தொங்கவிட்டது போலாகும். எங்கள் உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டது. ஒரு மாரி முடிவதற்குள் மூன்றாவது சக்கரம் இறுகி, தேங்காய் எண்ணெய் விட்டுச் சுழற்ற வேண்டியதாயிற்று.

அடுத்தது எனக்கு உண்மையிலேயே பிடித்த சாமான். பொத்தான்களை அழுத்தித் திறக்கிற பூட்டு, முழுக்க முழுக்க இயந்திரம். கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை, போனும் இல்லை. அப்படியொரு பூட்டைப் பார்த்தால் மனதுக்கு ஒரு நிம்மதி வரும். கணக்குப் போட்டுப் பார்த்தபிறகு அந்த நிம்மதி கொஞ்சம் குறைந்தது. இந்தப் பூட்டுகளில் பல, எண்களை எந்த வரிசையில் அழுத்தினாலும் திறக்கும். 2-4-7-9 என்பதும் 9-7-4-2 என்பதும் அதற்கு ஒன்றுதான். வரிசை முக்கியம் என்றால் நாலு இலக்கத்துக்கு 10,000 வழிகள் உண்டு. வரிசை முக்கியமில்லை, ஒரு பொத்தானை ஒரு தடவைதான் அழுத்தலாம் என்றால், பத்துப் பொத்தானில் நாலைத் தெரிவதற்கு 210 வழிகள்தான். ஒன்றுக்கு ஐந்து வினாடி வைத்தாலும் பதினெட்டு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்துவிடலாம். அதையும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, இலக்கத்தை மாற்றுவதென்றால் பூட்டைக் கதவிலிருந்து கழற்றி, உள்ளேயிருக்கிற குட்டித் துண்டுகளை இடுக்கியால் இடம் மாற்ற வேண்டும் என்பது. நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாளில் எட்டுக் குடும்பம் வந்து போகும். எட்டுத் தடவை பூட்டைக் கழற்றுவது நடக்கிற காரியமா? சொந்த வீட்டுக்கு, கராஜுக்கு, கோழிக்கூட்டுக்குக்கூட நல்ல பூட்டு. வாடகைக்கு ஆட்கள் மாறிக்கொண்டிருக்கிற வீட்டுக்குச் சரிவராது.

ஆக, எலெக்ட்ரோனிக் பூட்டு. கொழும்பில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனையில் நின்ற பெடியன் ஒரே மூச்சில் சொன்னான்: விரல் அடையாளம், முகம், அட்டை, போன், இலக்கம், கடைசியில் ஒரு இரும்புத் திறப்பு, ஆறு விதமாகத் திறக்கலாம். விலையும் அந்த வரிசைப்படி ஏறிக்கொண்டே போனது. நான் ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன். வரும் வழியில், ரயிலில் இருந்து, ஒரு துண்டில் எழுதினேன். பூட்டுக்கு என்னென்ன தெரியும் என்பதை அல்ல, அந்தக் கதவுக்கு முன்னால் யார் யார் வந்து நிற்பார்கள் என்பதை. கட்டுநாயக்கா விமானநிலையத்தில் இறங்கி நேரே வருகிற, உள்ளூர் சிம் போடாத ஒருவர். பட்டுச்சேலையும் இரண்டு பிள்ளைகளும் அர்ச்சனைத் தட்டுமாக ஒரு பெண். கண்ணாடியை மறந்துவிட்டு வந்த ஒரு பெரியவர். வீடு கூட்ட வருகிற அக்கா. கரண்ட் இல்லாத இரவில் இவர்களில் யாரும்.

இவர்கள் எல்லாராலும் திறக்கக்கூடிய வழி எது என்று பார்த்தால், ஆறில் ஒன்றுதான் மிஞ்சியது. இலக்கம்.

விரல் அடையாளம் வீட்டுக்காரருக்கு நல்லது. மூன்று நாள் தங்குகிறவரின் விரலைப் பதிவதென்றால் நான் நேரே போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்படிப் போவதாக இருந்தால் திறப்பையே கையில் கொடுத்துவிடலாமே. அட்டையும் அப்படித்தான், யாரோ ஒருவர் போய்க் கொடுக்க வேண்டும். போதாததற்கு, உலகமெங்கும் கதவுகளில் பாவித்த மைஃபெயர் கிளாசிக் என்கிற அட்டையின் மறையீட்டை ஆய்வாளர்கள் 2008லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். மலிவான பூட்டுகளோடு இன்றும் அந்த அட்டை வருகிறது.

போனால் திறப்பதுதான் கடைக்காரர்கள் அதிகம் புகழ்கிற வழி. அதற்கு என் பதில் ஒரு மனிதர். போன வருடத்துத் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்து தங்கினார், ஐம்பது வயதிருக்கும். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ அங்கப்பிரதட்டை செய்வதாக நேர்த்தி. விடிய நாலு மணிக்கு முன்னமே எழும்பி, தோய்ந்து, ஈர வேட்டியோடு போய்விட்டார். நல்லூரில் ஆண்கள் மேலாடை இல்லாமல்தான் உள்ளே போகலாம். வீதியில் உருளுகிறவருக்கு மடியில் போன் எதற்கு? நான் அன்று காலை தண்ணீர் மோட்டார் பார்க்க வந்திருந்தேன். படியேறி வருகிறார். தலைமயிரிலிருந்து முழங்கால்வரை மணல், திருநீறு, வியர்வை எல்லாம் குழைந்து ஒட்டியிருக்கிறது. கண்ணைத் திறக்கவே கஷ்டப்படுகிறார். மண் பிடித்த விரலை எந்தக் கண்ணாடியில் வைத்தாலும் அது மாட்டேன் என்றுதான் சொல்லும். அவர் நடுவிரலின் மொளியால் ஆறு இலக்கத்தை மெல்ல மெல்ல அழுத்தினார். ஒவ்வொன்றுக்கும் பூட்டு ஒரு சத்தம் போட்டது. கதவு திறந்தது. என்னைப் பார்த்து, "தம்பி, பொத்தான் பூட்டாப் போட்டது நல்ல வேலை" என்றார். இந்தப் பூட்டுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேறு யாரும் தரவில்லை.

பொத்தான் என்றால் அமுங்குகிற றப்பர்ப் பொத்தான். கண்ணாடி போல வழவழவென்று, தொட்டால் வெளிச்சம் வருகிற மாதிரிகள்தான் வடிவு. ஆனால் எங்கள் படி மேற்குப் பார்த்தது. பின்னேர வெயிலில் அந்தக் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது, எண் தெரியவில்லை. றப்பரில் ஒரு குறை உண்டு. ஒரே இலக்கத்தை வருடக்கணக்காக அழுத்தினால் அந்த இலக்கத்துப் பொத்தான்கள் மட்டும் தேய்ந்து, யாரும் சொல்லாமலே திருடனுக்குச் சொல்லிவிடும். ஆளுக்கொரு இலக்கம் மாறுகிற வீட்டில் எல்லாம் சரிசமமாகத் தேயும்.

சரி, இலக்கத்தை யார் போடுவது, எப்படிப் போடுவது? இது சுவாரசியமான பகுதி, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரு வகைப் பூட்டு இன்டர்நெற்றோடு எப்போதும் பேசிக்கொண்டிருக்கும். நான் கொக்குவிலிலிருந்தோ அக்கா ஸ்காபரோவிலிருந்தோ ஒரு இலக்கம் அனுப்பினால் அது போய்ப் பூட்டில் உட்காரும். நல்ல விஷயம்தான், வைஃபை இருக்கும்வரை. இன்னொரு வகை எவரோடும் பேசாது. சிங்கப்பூர் இக்லூஹோம் போன்றவர்கள் செய்கிற முறை இது. பூட்டுக்குள் ஒரு கடிகாரமும் ஒரு இரகசிய எண்ணும் இருக்கும். அதே இரகசிய எண் நிறுவனத்தின் கணினியிலும் இருக்கும். இன்ன நாள் இத்தனை மணியிலிருந்து இன்ன நாள் இத்தனை மணிவரை என்று செயலியில் கேட்டால், அந்த நேரத்தையும் இரகசிய எண்ணையும் வைத்துக் கணக்குப் போட்டு ஒரு இலக்கம் தரும். அந்த இலக்கத்தைக் கதவில் அழுத்தும்போது பூட்டும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, பொருந்தினால் திறக்கும். வங்கிக்காரர்கள் கொடுத்த, நிமிடத்துக்கு நிமிடம் எண் மாறுகிற குட்டிக் கருவி ஞாபகமிருக்கிறதா? அதே வித்தைதான். கதவுக்கு இன்டர்நெற் தேவையே இல்லை.

நான் எடுத்தது இந்த இரண்டாவது வகை. நாற்பதாயிரத்துக்குக் கிட்ட முடிந்தது. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு, பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்துக்குள் பாய்ந்து நாடு முழுக்க இருட்டாயிற்று என்று அமைச்சரே சொன்னார். பாணந்துறைக் குரங்குக்கும் நல்லூர்க் கதவுக்கும் சம்பந்தம் வரக்கூடாது என்பது என் கொள்கை. இந்த வகையில் தூரத்திலிருந்து பூட்டைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். கதவுக்கு முன்னால் நிற்பவர் உள்ளே போய்விட வேண்டும்.

இன்டர்நெற் பூட்டில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. 2017 ஓகஸ்டில் அமெரிக்காவில் லொக்ஸ்டேட் என்கிற நிறுவனம் தன் பூட்டுகளுக்கு ஒரு மென்பொருள் புதுப்பிப்பை அனுப்பியது. தவறுதலாக வேறு மாதிரிப் பூட்டுக்கு உரியதை அனுப்பிவிட்டார்கள். ஏறத்தாழ 500 பூட்டுகளின் பொத்தான் வேலை செய்யாமல் போயிற்று. அவற்றில் பல, எயார்பிஎன்பி என்கிற இணையத்தளம் வழியாக நாள் வாடகைக்கு விடுகிற வீடுகளின் கதவுகள். தூரத்திலிருந்து சரிசெய்யவும் வழியில்லை; பூட்டின் பின்பாதியைக் கழற்றித் தபாலில் அனுப்பு, இல்லாவிட்டால் புதியது வரும்வரை காத்திரு என்றார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது என்ன தெரியுமா? இரும்புத் திறப்பு.

கணக்குப் போடுகிற பூட்டிலும் வில்லங்கம் இல்லாமல் இல்லை. கடிகாரம்தான் அதன் உயிர். முதல் வருட ஓகஸ்ட், சென்னையிலிருந்து பலாலிக்கு வந்த குடும்பம். அக்கா ஆசைப்பட்டு, இந்தத் தடவை தானே இலக்கம் அனுப்புகிறேன் என்றார். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து என்று செயலியில் போட்டு அனுப்பியும் விட்டார். இரண்டு மணிக்கு, கொதிக்கிற வெயிலில், அவர்கள் அழுத்துகிறார்கள். பூட்டு சிவப்பு வெளிச்சம் காட்டுகிறது. நாலு தடவை. ஐந்தாவது தடவையும் பிழைத்ததும் பூட்டு ரோஷப்பட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் எதையும் கேட்க மாட்டேன் என்று விட்டது. நான் ஓடிப்போய் என் இலக்கத்தால் திறந்துவிட்டு, மாமி வீட்டு இளநீரைக் கொடுத்துச் சமாளித்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தால்தான் விளங்கியது. செயலி எடுத்துக்கொண்டது அக்காவின் போனிலிருந்த ரொறன்ரோ நேரத்தை. அங்கே மத்தியானம் இரண்டு என்றால் கோடையில் இங்கே இரவு பதினொன்றரை. அவர்களுக்கு அனுப்பிய இலக்கம் நல்ல இலக்கம்தான், ஒன்பதரை மணித்தியாலம் பொறுத்திருந்தால் திறந்திருக்கும். இப்போது இலக்கம் எடுப்பது நான் மட்டும்தான். அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் மனவருத்தம்.

இன்னொன்று: என் பூட்டில் புது இலக்கத்தை, அது தொடங்குகிற நேரத்திலிருந்து 24 மணித்தியாலத்துக்குள் ஒரு தடவையாவது அழுத்தவேண்டும். இல்லாவிட்டால் செத்துவிடும். வருகிற வழியில் அனுராதபுரத்தில் ஒரு நாள் நின்றுவிட்டு வந்தவர்களுக்கு அது நடந்தது. பாவிக்கிறவர்கள் வாங்கும் முன்பே அந்தந்தப் பூட்டின் விதியைப் படித்துவிடுவது நல்லது.

பற்றரி. கடையில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பூட்டுக்குள் நாலு ஏஏ பற்றரி, ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், மொத்தம் 6. அல்கலைன் பற்றரி போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், இறங்குவதைப் பூட்டு கவனித்து ஒரு மாதத்துக்கு முன்னமே முனகத் தொடங்கும். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று சார்ஜ் பண்ணுகிற பற்றரி போட்டேன். அது ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், நாலும் சேர்ந்து 4.8. புதிதாகச் சார்ஜ் பண்ணிப் போட்ட அன்றே பூட்டு 'பற்றரி முடிகிறது' என்று அழுதது. லிதியம் போட்டால் அதற்கு நேர்மாறு: கடைசி நாள்வரை வோல்ட் குறையாமல் நின்றுவிட்டு, எச்சரிக்கை கொடுக்க நேரமில்லாமல் பொட்டென்று போய்விடும். பெட்டிக்கடையில் மணிக்கூட்டுக்கு வாங்குகிற மலிவுப் பற்றரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எங்கள் வெக்கைக்கு நீர் கக்கி உள்ளேயுள்ள செம்பையெல்லாம் பச்சையாக்கிவிடும். ஆகவே அல்கலைன், அதுவும் நாலையும் ஒன்றாக மாற்றுவது. எனக்குத் திகதி ஞாபகமிருக்காது. கொடியேற்றத்துக்கு முதல் கிழமை ஒரு தடவை, மார்கழி விடுமுறைக்கு ஆட்கள் வர முன்னம் ஒரு தடவை. பற்றரி மாற்றியதும் போனைப் பூட்டுக்குப் பக்கத்தில் பிடித்து நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். என்னுடையது பற்றரி கழற்றியதும் நேரத்தை மறந்துவிடுகிற சாதி.

எல்லாம் செத்துவிட்டாலும் வழியுண்டு. பூட்டின் அடிப்பக்கத்தில் இரண்டு சின்ன உலோகப் பொட்டு இருக்கும். சதுரமான 9 வோல்ட் பற்றரியின் தலையை அதில் முட்டப் பிடித்துக்கொண்டு இலக்கத்தை அழுத்தினால், பிடித்திருக்கும்வரை பூட்டுக்கு உயிர் வரும். புதிய மாதிரிகளில் போன் சார்ஜரின் துளையே வந்துவிட்டது, பவர் பேங்க் போதும். வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, முகம் பார்க்கிற கமராவுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடித்து இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீழ் வீட்டுக் கதவு பழைய இரட்டைக் கதவு, அதில் இந்தப் பூட்டு நேரே இருக்காது. ஒரு பாதியை மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டு நிரந்தரமாக நிறுத்த வேண்டும். மாடிக்கு அத்தான் வன்னி முதிரையில் ஒற்றைக் கதவு போட்டிருந்தார். ஓடாவியார் வந்தார். பூட்டோடு வந்த காகித அச்சைக் கதவில் ஒட்டி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். "தம்பி, உவன் கடதாசியிலை கீறினது பிளைவுட்டுக்கு. இது முதிரை." இரண்டு துளைக்கம்பி உடைந்தது. ஆனால் செய்த வேலை வேலை. நிலையில் தாழ் போய் விழுகிற குழியை அச்சில் இருப்பதைவிட ஒரு நூல் பெரிதாக வெட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, மாரிக்கு மரம் ஊதும் என்றார். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கார்த்திகை மழையில் பக்கத்து ஒழுங்கையில் இதே மாதிரிப் பூட்டுப் போட்ட நண்பனின் கதவு இறுகி, பூட்டின் மோட்டார் தள்ளித் தள்ளிப் பார்த்து, இரண்டு மாதத்தில் பற்றரியைக் குடித்து முடித்தது. அவன் பூட்டை மாற்றத் திரிந்தான். நான் ஓடாவியாரை அனுப்பினேன்; சீவுளி பிடித்து அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார்.

தானாகப் பூட்டிக்கொள்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு அம்மா அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, கறிவேப்பிலை ஆய்வதற்குக் கீழே இறங்கியிருக்கிறார். ஐந்து வினாடியில் கதவு பூட்டிக்கொண்டது. இலக்கம் மகனுக்குத்தான் தெரியும், மகன் கோயிலில். அன்றிலிருந்து இலக்கத்தை ஒருவருக்கு அனுப்பி விட்டுவிடுவதில்லை; குடும்பத்தில் எல்லாரும் பாடமாக்குங்கோ என்று கேட்டுக்கொள்கிறேன். தங்குகிறவரின் போன் இலக்கத்தின் கடைசிப் பகுதியைத் தருகிற வழக்கம் பல இடங்களில் உண்டு, மறக்காது. கணக்குப் போடுகிற பூட்டில் அந்த வசதி இல்லை. அது தருவதைத்தான் வாங்கவேண்டும். உள்ளேயிருந்து வெளியே வருவதற்கு மட்டும் ஒன்றும் அழுத்தக்கூடாது, கைப்பிடியை அமத்தினால் திறக்க வேண்டும். நெருப்புப் பிடித்த வீட்டில் யாரும் இலக்கம் யோசிக்க மாட்டார்கள்.

படலைக்கும் ஒன்று போடலாமே என்று ஒருவர் காந்தப் பூட்டு காட்டினார். 280 கிலோ இழுத்தாலும் அசையாதாம். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். திறந்துவிடும் என்றார். காந்தப் பூட்டின் இயல்பு அதுதான், கரண்ட் இருக்கும்வரைதான் அது பூட்டு. படலையில் இன்னமும் ஆமைப்பூட்டு. அதைப் பகலிலும் இரவிலும் பூட்டுவதில்லை.

பூட்டில் வருகிற நாட்குறிப்பு எனக்கு ஒரு மாதிரி இருந்தது. யார் எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்பதெல்லாம், நான் கதவுக்குப் பக்கத்தில் போனதும், போனில் வரிசையாக வந்து விழும். வீடு கூட்டுகிற அக்காவுக்குப் பகல் பத்திலிருந்து நாலுவரை மட்டும் வேலை செய்கிற இலக்கம் கொடுத்திருக்கிறேன். அவருக்கு அந்தக் குறிப்பு ஒரு பாதுகாப்பு, ஏதாவது காணாமல் போனால் அவர் மேல் பழி வராது. ஆனால் தங்க வந்தவர்கள் இரவு எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று நான் பார்ப்பது அழகில்லை. பார்ப்பதில்லை. இப்படியொரு குறிப்பு இருக்கிறது என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுகிறேன். எயார்பிஎன்பி 2024 ஏப்ரல் 30இலிருந்து வீட்டுக்குள் கமராவே வைக்கக்கூடாது என்று உலகம் முழுவதற்கும் சொல்லிவிட்டது. பூட்டுக்கும் அந்த மரியாதை பொருந்தும்தானே. இன்னொன்று, பூட்டு தானாகத் திறக்கிறது என்பதற்காக வந்தவர் முகத்தைப் பார்க்காமல் விடுவதில்லை. அடுத்த நாள் காலை பத்து மணிபோல, எல்லாரும் நித்திரை முறிந்து குளித்த பிறகு, ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடு போய்ப் பதிவேட்டை எழுதிக்கொண்டு வருவேன். நாலரைக்குப் பார்க்கிற முகத்துக்கும் பத்து மணிக்குப் பார்க்கிற முகத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்!

ஒரு மடைத்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். பூட்டோடு இரண்டு இரும்புத் திறப்பு தந்தார்கள், அவசரத்துக்கு. நான் அவற்றை மிகப் பத்திரமாக, அந்த வீட்டுக்குள்ளேயே, குசினி லாச்சியில் வைத்துவிட்டு ஒரு வருடம் நிம்மதியாக இருந்தேன். அக்கா கேட்டபோதுதான் பிடிபட்டது. இப்போது ஒன்று என்னிடம். மற்றது மாமி வீட்டில், சாமியறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மைலோ ரின்னுக்குள், 9 வோல்ட் பற்றரி ஒன்றோடு.

மாமிக்கு இந்தப் பூட்டைப் பற்றி ஒரே ஒரு முறைப்பாடு இருந்தது. இலக்கம் சரியானதும் அது ஒரு சின்ன மெட்டுப் போடும், டிங் டிடிங் என்று. விடியப்புறத்தில் அது மதில் தாண்டிக் கேட்கும். யாரோ ஒரு விருந்தினர் குறை எழுதியதால் செயலியில் போய்ச் சத்தத்தை நிறுத்திவிட்டேன். நாலைந்து நாள் கழித்து மாமி மதிலடிக்குக் கூப்பிட்டார். மெஷின் காதில் இருந்தது. இப்போதெல்லாம் அதைப் போட்டுக்கொண்டே படுக்கிறாராம்.

"ஏன் தம்பி, உந்தப் பூட்டுப் பழுதாப் போச்சோ?"

"இல்லை மாமி, சத்தத்தை நிப்பாட்டி வைச்சிருக்கிறன்."

"அப்ப பெடியள் வந்து சேர்ந்திட்டினம் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

மூன்று அளவு இருக்கிறது அதில். நடுவிலுள்ளதை வைத்துவிட்டு வந்தேன்.